கணினி மொழிக் கையேடுகளும் நம் மாணவரும்

(வெள்ளிவிழாக் கல்விக் கருத்தரங்கில், கணினிப் பயிற்சி வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



காலை முதல் இம்மேடையில் பேசியோர் கல்வி உதவித்தொகை பற்றியும், விடுதிகளின் நிலை பற்றியும், உயர்கல்வியில் நம் பிள்ளைகள் எதிர்கொள்ளும் இடர்கள் பற்றியும் விரிவாக எடுத்துரைத்தார்கள். அவற்றோடு ஒப்பிட, எங்களுக்கு அளிக்கப்பட்ட பொருள் மிகச் சிறியதாகத் தோன்றும். கணினி மொழிகளுக்குரிய விளக்கக் கையேடுகளை, இணையத் தொடர்பு இல்லாத வேளையிலும் எடுத்துப் படிக்கத்தக்க வகையில், நம் கணினிகளிலும் நம் சங்க நூலகத்திலும் படியெடுத்து வைத்துக்கொள்ளுதல் என்பதே அப்பொருள். "கைப்பேசியைத் தொட்டால் உலகமே வந்து நிற்கிறது, இதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமா?" என்று இளைஞர் சிலர் தமக்குள் நகைத்துக்கொள்வதை நாங்கள் அறிவோம். உலகம் அவ்வாறு வந்து நிற்பது ரீசார்ஜ் தீரும்வரையில்தான் என்பதை அவர்களும் அறிவார்கள்.

கணினி கற்றிராத பெரியோர்கள் பொருட்டு முதற்கண் ஒன்றை விளக்கிவிடுகிறோம். கணினிக்கு இன்னின்னது செய் என்று ஆணையிட்டு எழுதுவதை நிரல் என்கிறோம். அதை எழுதுவதற்கென்று மொழிகள் உண்டு. நம் மாநிலத்துப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் 2019 முதல் பைத்தான் என்னும் மொழி கற்பிக்கப்படுகிறது. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த குய்டோ வான் ராசம் என்பவர் உருவாக்கி 1991-ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழி அது. எந்த மொழிக்கும் அதனை ஆக்கியோரே எழுதிவைக்கும் கையேடு ஒன்று இருக்கும். பைத்தான் கையேட்டில் தொடக்கநிலையாளர்க்கான பயிற்சிப் பகுதி ஒன்றும், மொழியின் இலக்கணத்தைக் கூறும் பகுதி ஒன்றும், ஆயத்த நிலையில் கிடைக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக விளக்கும் நூலகப் பகுதி ஒன்றும், இறுதியில் அகரவரிசைச் சுட்டும் உள்ளன. இலக்கணத்திற்கு நன்னூலும் சொற்பொருளுக்கு நிகண்டும் போன்றது அது என்று சொன்னால் தமிழாசிரியர்கள் எங்கள்மீது சினங்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறோம்.

இக்கையேடு யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கிறது. ஆயினும் நம் மாணவரை நோக்கி, "அது எங்கே இருக்கிறது?" என்று வினவினால், "நெட்டில் இருக்கிறது, அண்ணா" என்ற விடையே வருகிறது. நெட்டில் இருப்பது எவர் கையில் இருப்பது என்பதை நாம் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

நம் குடியிருப்புகளில் பெரும்பாலான மாணவர்க்கு இணையம் என்பது தந்தையாரின் கைப்பேசியே. அவர் வேலைக்குச் சென்றுவிட்டால் இணையமும் அவருடன் சென்றுவிடுகிறது. மாலையில் அவர் திரும்பியபின் அக்கைப்பேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் எடுத்துக் கணினியில் இணைத்துப் படிக்கவேண்டும். அன்றைய அளவு அதற்குள் தீர்ந்திருந்தால் ஒரு பக்கம் திறப்பதற்குள் உறக்கம் வந்துவிடும். மாத இறுதியில் ரீசார்ஜ் செய்யப் பணமில்லாத நாட்களைப் பற்றி இவ்வவையில் எடுத்துரைக்க வேண்டியதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஓர் ஐயம் எழுந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. நம் பிள்ளைக்கு அதே ஐயம் மறுநாள் மாலைவரை காத்திருக்கிறது. நிரல் எழுதுவோர்க்கு ஒரு மணி நேரத்தில் இருபது ஐயங்கள் எழும். நம் பிள்ளைகளுக்கு அறிவு குறைவு என்று சிலர் கூறுவதன் பின்னால் இந்தக் காத்திருப்பு இருக்கிறது. அதனைக் கண்டவர்கள் நாங்கள்.

இது அன்றாட நிலை. அன்றாடத்திற்கு அப்பாற்பட்ட நிலைகளும் உண்டு. 2018 மே மாதம் 22-ஆம் நாள் தூத்துக்குடியில் மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அதற்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் அரசாணையால் இணையச் சேவை நிறுத்தப்பட்டது. காசுமீரத்தில் 2019 ஆகஸ்டில் துண்டிக்கப்பட்ட இணையம் படிப்படியாகவே திரும்பிற்று. 4ஜி வேகம் 2021 பிப்ரவரியில்தான் அம்மக்களுக்கு மீண்டும் கிடைத்தது. காலவரையின்றி இணையத்தை நிறுத்திவைத்தல் ஏற்கத்தக்கதன்று என்று உச்சநீதிமன்றம் 2020 ஜனவரி 10-ஆம் நாள் அனுராதா பாசின் வழக்கில் கூறியது. கூறியபின்னரும் 2023 மே மாதத்தில் மணிப்பூரில் இணையம் நிறுத்தப்பட்டுப் பல மாதங்கள் தொல்லை நீடித்தது. மனிதர் செய்வது இவ்வாறிருக்க, இயற்கை செய்வதும் உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் சிற்றூர்கள் எத்தனை நாட்கள் மின்சாரமும் கைப்பேசித் தொடர்புமின்றி இருந்தன என்பதை அப்பகுதி உறுப்பினர்களைக் கேட்டறியலாம். கலவரம் என்றாலும் வெள்ளம் என்றாலும் முதலில் தீண்டப்படும் இடம் எது, கடைசியில் மின்சாரம் திரும்பும் தெரு எது என்பது நாம் அறியாததன்று.

"தொடர்பு நின்றுபோகும் நாட்களில் படிக்காமல் இருந்தால்தான் என்ன?" என்று கேட்கலாம். இடர் அந்நாட்களோடு முடிவதாக இருந்தால் நாங்களும் இவ்வளவு வற்புறுத்தமாட்டோம். இணையத்தில் தேடித்தேடியே கற்றவர்க்குத் தேடல் இல்லாத இடத்தில் கை நின்றுவிடுகிறது. வேலைக்குச் சேரும் இடங்கள் எல்லாவற்றிலும் இணையம் திறந்துவைக்கப்பட்டிருக்கும் என்று எண்ணுதல் தவறு. வங்கிப் பணி, பாதுகாப்புத் துறைப் பணி முதலியவற்றில் நிரல் எழுதும் கணினிகளை வெளியுலகத் தொடர்பின்றி வைத்திருப்பது உண்டு. பல்கலைக்கழக மாணவர்க்கான உலக நிரலாக்கப் போட்டியாகிய ஐ.சி.பி.சி. இறுதிச் சுற்றில் இணையம் கிடையாது. மொழிகளின் கையேடுகள் மட்டும் போட்டிக் கணினியிலேயே வைக்கப்பட்டிருக்கும். அத்துடன் ஓர் அணி தானே தொகுத்த 25 பக்கக் குறிப்பைக் கொண்டுசெல்லலாம். அவ்வளவே. உலகின் மிகச்சிறந்த மாணவர்கள் வெறுங்கையேட்டை வைத்துக்கொண்டுதான் போட்டியிடுகிறார்கள் என்று சொன்னபோது எங்கள் வகுப்பில் சிலர் நம்பவில்லை.

இனி, கையேட்டைப் படித்தல் என்பது என்ன என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டை மட்டும் சற்று விரிவாகக் கூறுகிறோம். கணினி கற்றிராதோரும் இதனைப் பின்தொடர முடியும்.

நான்கு மாணவரின் மதிப்பெண்கள் 62, 45, 88, 45 என்று வரிசையாக உள்ளன. இவற்றை ஏறுவரிசையில் அடுக்கவேண்டும். பைத்தான் மொழியில் இதற்கு 'சார்ட்' என்றொரு கட்டளை உண்டு. மாணவன் ஒருவன், "மதிப்பெண் என்பதற்கு, மதிப்பெண்ணைச் சார்ட் செய்தால் வருவதை இடுக" என்று எழுதினான். பின்னர் மதிப்பெண்ணை அச்சிடச் சொன்னால், திரையில் 'நன்' என்னும் சொல் மட்டும் வருகிறது. ஒன்றுமில்லை என்று பொருள். நான்கு மதிப்பெண்களும் போன இடம் தெரியவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. அவன் கணினி பழுதாகிவிட்டது என்றே முடிவு கட்டினான்.

கையேட்டில் 'சார்ட்' என்னும் பதிவைத் திறந்தால் சில வரிகளில் விடை கிடைக்கிறது. அக்கட்டளை பட்டியலை இருந்த இடத்திலேயே வரிசைப்படுத்துகிறது. புதிய பட்டியல் எதையும் திருப்பித் தருவதில்லை. திருப்பித் தராத ஒன்றை அவன் மதிப்பெண்ணுக்குள் இட்டதனால் உள்ளே இருந்ததும் கைவிட்டுப்போயிற்று. புதிய பட்டியல் வேண்டுமென்றால் 'சார்ட்டெட்' என்ற வேறொரு கட்டளை இருக்கிறது என்பதையும் கையேடே சுட்டிக்காட்டுகிறது. அதோடு நிற்கவில்லை. சமமான மதிப்பெண் பெற்ற இருவர் முன்பு இருந்த முன்பின் வரிசை மாறாமலேயே அடுக்கப்படுவார்கள் என்ற உறுதியையும் அது தருகிறது. 45 பெற்ற இருவருள் பெயர்வரிசையில் முன்னவர் யாரோ அவரே முன்னால் நிற்பார். மதிப்பெண் பட்டியல் தயாரிப்பவனுக்கு இது சிறிய செய்தியன்று.

அப்பதிவின் தலைப்பு வரியில் அடைப்புக்குறிக்குள் ஓர் உடுக்குறி இருக்கிறது. அதனை மாணவர்கள் அச்சுப்பிழை என்று கடந்துவிடுகிறார்கள். அக்குறிக்குப் பின் வருவனவற்றைப் பெயர் சொல்லியே கொடுக்கவேண்டும் என்பது அதன் பொருள். இறங்குவரிசை வேண்டுமாயின் 'ரிவர்ஸ்' என்ற பெயரைக் குறிப்பிட்டே கேட்கவேண்டும். வெறுமனே 'ட்ரூ' என்று இட்டால் கணினி ஏற்காது. ஒரு குறியைப் படிக்கத் தெரிந்துவிட்டால் நூற்றுக்கணக்கான கட்டளைகளின் தலைப்பு வரிகள் ஒரே நேரத்தில் விளங்கத் தொடங்குகின்றன. பத்திரத்தில் எழுதியிருந்ததைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்டுக் கைநாட்டு வைத்த கதைகளை நம் வீடுகள் அறியும். படித்துச் சொன்னவர் நல்லவராக இருந்த கதைகளும் உண்டுதான். ஆயினும் தானே படிப்பது வேறு. காணொலியில் ஒருவர் செய்துகாட்டுவதைப் பார்த்து அவ்வாறே தட்டச்சு செய்வதை நாங்கள் இழிவாகக் கூறவில்லை. தொடக்கத்திற்கு அது நல்ல துணை. ஆனால் அவர் உடுக்குறியைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டால் பார்ப்பவனுக்கு அது ஒருபோதும் தெரியவராது.

இப்பொழுது கேட்டால் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றியும் ஒரு சொல். அவை பயன்மிக்கவை. எனினும் இல்லாத கட்டளையை இருப்பதுபோல் உறுதியாகச் சொல்லிவிடுதல் அவற்றின் அறியப்பட்ட குறை. அவை சொன்னதைச் சோதித்துப் பார்க்க உரைகல் ஒன்று நம்மிடம் இருக்கவேண்டுமன்றோ?

அந்த உரைகல் பெரும்பாலான வீடுகளில் ஏற்கனவே இருக்கிறது என்பதே வியப்பு. விண்டோஸ் கணினியில் பைத்தானை நிறுவும்போது கையேடும் உடன் நிறுவப்படும் வகையில்தான் நிறுவியில் இயல்பாகக் குறியிடப்பட்டிருக்கிறது. தொடக்கப் பட்டியலைத் திறந்து பைத்தான் என்னும் தலைப்பின்கீழ்ப் பார்த்தால் 'மேனுவல்ஸ்' என்று இருக்கும். இதனை ஒருமுறையேனும் திறந்தவர் எத்தனைபேர் என்று வகுப்பில் கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை. வீட்டுப் பரணில் புத்தகம் இருக்க, அதையே படிப்பதற்கு நாள்தோறும் டாட்டா செலவழித்து வந்திருக்கிறோம்.

கையேடு கணினிக்குள்ளேயே இருக்கவேண்டும் என்பது புதிய எண்ணமுமன்று. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் முறைமையின் முதல் கையேடு 1971 நவம்பர் 3-ஆம் நாளிட்டு வெளிவந்தது. அம்மரபில் வந்த லினக்ஸ் கணினிகளில் 'மேன்' என்று தட்டச்சு செய்து ஒரு கட்டளையின் பெயரையும் இட்டால் அதன் விளக்கம் உடனே திரையில் வரும். சி மொழியின் செயற்கூறுகளும் அதன் மூன்றாம் பிரிவில் இருக்கின்றன. அக்கையேட்டுப் பக்கங்கள் பலவற்றில் குறைபாடுகள் என்றே ஒரு தலைப்பு இருப்பது எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி. தன் படைப்பின் குறையைத் தானே எழுதிவைக்கும் நூல்கள் உலகில் மிகுதியாக இல்லை.

படியெடுத்து வைக்கும்போது பலரும் கவனியாது விடும் ஒன்று பதிப்பு எண். இதில் சற்று நிதானிக்க விரும்புகிறோம். ஏனெனில் இது ஏழை வீட்டுப் பிள்ளையையே குறிப்பாகத் தாக்குகிறது. நம் வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினிகள் பழையவை. 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்காள் பெற்று, தம்பிக்கு வந்து, இப்போது அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் இருப்பவையும் அவற்றுள் உண்டு. அவற்றுள் விண்டோஸ் 7 கொண்ட கணினியில் பைத்தான் 3.8 பதிப்புக்கு மேல் ஏறாது. 2020 அக்டோபரில் வந்த 3.9 பதிப்பு அந்த விண்டோசை ஏற்பதில்லை. ஆனால் இணையத்தில் பைத்தான் கையேட்டைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது இன்றைய புதிய பதிப்பின் கையேடு. அதில் 'மேட்ச்' என்னும் கட்டளை விளக்கப்பட்டிருக்கும். அது 2021-ல் 3.10 பதிப்பில் வந்தது. அதை நம்பித் தன் கணினியில் தட்டச்சு செய்யும் மாணவிக்கு இலக்கணப் பிழை என்றே விடை வரும். சொல்லின் முன்னொட்டை நீக்கும் 'ரிமூவ்ப்ரிஃபிக்ஸ்' என்பதும் அவ்வாறே, 3.9-க்கு முன் அது இல்லை. அவள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. புத்தகமும் பொய் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு ஆண்டைச் சேர்ந்தவை, அவ்வளவே. இவ்வாறு நான்கு முறை நேர்ந்தால், "இது நமக்கு வராது" என்று அவள் ஒதுங்கிவிடுகிறாள்.

ஆதலால் கணினியில் இருக்கும் பதிப்பு எதுவோ அப்பதிப்பின் கையேட்டையே எடுத்துவைத்தல் வேண்டும். பைத்தானின் பழைய பதிப்புகளுக்கான கையேடுகளையும் அதன் தளத்தில் தேர்ந்தெடுத்துத் தரவிறக்கிக்கொள்ள முடிகிறது. ஆண்டுதோறும் அக்டோபரில் புதிய பதிப்பு வருவது வழக்கமாகிவிட்டதால், புதியதைச் சேர்க்கும்போது பழையதை அழித்துவிடலாகாது. பழைய நாட்காட்டியைக் கிழித்தெறியலாம்; பழைய பதிப்பின் கையேட்டை அவ்வாறு செய்தல் கூடாது. அடைவின் பெயரிலேயே மொழி, பதிப்பு எண், எடுத்த நாள் மூன்றையும் எழுதிவிட்டால் குழப்பம் வராது.

இணையத்தில் இருப்பது என்றும் இருக்கும் என்னும் நம்பிக்கையும் ஆராயத்தக்கது. ரூபி என்னும் மொழியைக் கேலிச் சித்திரங்களோடு கற்பிக்கும் நூலொன்றை 'ஒய்' என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் எழுதி இணையத்தில் வைத்திருந்தார். உலகெங்கும் இளைஞர் அதனைப் படித்துக்கொண்டிருந்தனர். 2009 ஆகஸ்டு மாதம் ஒருநாள் அவர் தம் தளங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு மறைந்துகொண்டார். அந்நூல் இன்றும் படிக்கக் கிடைக்கிறது என்றால், தம் கணினிகளில் படி வைத்திருந்த வாசகர்கள் அதனை மீட்டெடுத்து வெளியிட்டதே காரணம். நிரலாளர்களின் புகழ்பெற்ற வினாவிடைத் தளமாகிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, 2016-ல் கையேடுகளுக்கென்று தனிப் பகுதி ஒன்றைத் தொடங்கி, பலரும் உழைத்து எழுதியபின் 2017 ஆகஸ்டில் அதனை மூடிவிட்டது.

நூல்களைப் பொறுத்தவரை இப்பாடம் நம் சமூகத்திற்குப் புதிதன்று. பண்டிதர் அயோத்திதாசர் 1907-ல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கி 1914-ல் மறையும்வரை நடத்திவந்தார். அவர் எழுத்துகள் 1999-ல் ஞான. அலாய்சியஸ் அவர்களின் தொகுப்பாக நம் கைக்கு வந்தன என்றால், அன்பு பொன்னோவியம் போன்ற பெரியோர்கள் அவ்விதழ்களைத் தம்மிடத்தே பேணி வைத்திருந்ததை நன்றியோடு நினைக்கவேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தொடங்கிய 'பறையன்' இதழின் முழுத் தொகுப்பு நமக்குக் கிட்டவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1917-ல் லண்டனிலிருந்து திரும்பியபோது அவருடைய நூல்களை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. வேறு படி இல்லாத நூல் எத்தகைய நிலையில் இருக்கிறது என்பதை இவை காட்டும். கணினிக் கையேட்டையும் பண்டிதரின் எழுத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டா. வைத்திருப்பவரிடம் இருக்கிறது என்பது இரண்டுக்கும் பொதுவென்றே கூறுகிறோம்.

இனிச் செய்முறை. பைத்தான் கையேடு முழுவதும் ஒரே சுருக்கக் கோப்பாகக் கிடைக்கிறது. வலைப்பக்க வடிவிலும் வெறும் எழுத்து வடிவிலும் எடுக்கலாம். வலைப்பக்க வடிவம் ஏறத்தாழ 10 மெகாபைட் அளவினதே. ஒரு திரைப்பாடற் காட்சி இதனினும் பெரியது. விரித்து வைத்துவிட்டால் உள்ளே தேடும் வசதியும் இணையமின்றியே இயங்கும். பைத்தான் திரையிலேயே 'ஹெல்ப்' என்று எழுதி அடைப்புக்குறிக்குள் கட்டளையின் பெயரை இட்டாலும் சுருக்கமான விளக்கம் வரும். ரஸ்ட் மொழியை அதன் வழக்கமான நிறுவி வழியாக நிறுவினால் கையேடும் உடன் வருகிறது; கோ மொழியில் 'கோ டாக்' என்னும் கட்டளை உண்டு. பல மொழிகளுக்கும் ஒரே இடம் வேண்டுவோர்க்கு ஸீல் என்னும் இலவசச் செயலி ஏற்றது. விண்டோசிலும் லினக்சிலும் அது இயங்கும். வேண்டிய மொழியை மட்டும் ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். டெவ்டாக்ஸ் என்னும் தளமும் இதே பணியைச் செய்கிறது. ஆனால் அது கையேட்டை உலாவியின் நினைவில் வைப்பதால், உலாவியின் தரவுகளைத் துடைத்தால் கையேடும் துடைக்கப்பட்டுவிடும். ஆகவே பலர் கைபடும் கணினிக்கு அதனை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

சங்கக் கட்டடத்தில் கிவிக்ஸ் என்னும் செயலியையும் வைக்க எண்ணுகிறோம். 2007-ல் தொடங்கப்பட்ட அது விக்கிப்பீடியா போன்ற பெருந்தொகுப்புகளை ஒற்றைக் கோப்பாக வைத்துப் படிக்க உதவுவது. சிறிய கணினி ஒன்றில் அதனை இயக்கி, கூடத்திற்குள் மட்டும் எட்டும் வைஃபை அமைத்துவிட்டால், வகுப்புக்கு வரும் பிள்ளைகள் தம் கைப்பேசியில் ஒரு பைசா டாட்டாச் செலவின்றிப் படிக்கலாம்.

படியெடுத்தல் முறையானதா என்ற ஐயம் சிலர்க்கு எழுவது நல்லதே. பைத்தான் கையேட்டின் உரிமம் படியெடுக்கவும் பகிரவும் இடமளிக்கிறது. பி.எச்.பி. மொழியின் கையேடும், வலைப்பக்கங்கள் ஆக்குவோர்க்கான எம்.டி.என். விளக்கங்களும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டவை. மூலத்தைக் குறிப்பிட்டுப் பகிரலாம். எல்லா மொழிகளுக்கும் இவ்விதி பொருந்தாது. ஜாவா மொழியின் கையேட்டை அவரவர் அதன் உரிமையாளரின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். பிறர்க்குப் படியெடுத்து வழங்குமுன் அதன் விதிகளைப் படித்தாகவேண்டும். விலைக்கு விற்கும் நூல்களைத் திருட்டுத்தனமாகப் படியெடுத்துப் பென்டிரைவில் கொண்டுவருவோரைச் சங்கக் கணினியில் நாங்கள் அனுமதிப்பதில்லை. விலையின்றி முறையாகக் கிடைப்பதைப் படித்து முடிக்கவே ஓர் ஆயுள் வேண்டும்.

ஆங்கிலம் ஒரு தடை என்பதை மறைக்கவேண்டியதில்லை. பைத்தான் கையேடு ஜப்பான், கொரியா, பிரான்சு, ஸ்பெயின் முதலிய நாடுகளின் மொழிகளில் பெயர்க்கப்பட்டிருக்கிறது. முழுமையான தமிழாக்கம் நம்மிடம் இல்லை. தமிழ்வழியில் பயின்ற பிள்ளை முதற்பக்கத்திலேயே மலைத்துப்போகிறான். ஆனால் கையேட்டின் ஆங்கிலம் ஷேக்ஸ்பியரின் ஆங்கிலமன்று. 'ரிட்டர்ன்ஸ்' என்றால் திருப்பித் தருவது. 'ரெய்ஸஸ்' என்றால் பிழை எழுப்புவது. 'ஆப்ஷனல்' என்றால் கொடுக்கலாம், விடலாம். 'டிஃபால்ட்' என்றால் நாம் சொல்லாவிட்டால் தானாகக் கொள்வது. 'டெப்ரிகேட்டட்' என்றால் வழக்கொழியப்போவது, புதிதாகப் பயன்படுத்தாதே என்பது. இவை போன்ற சொற்களே திரும்பத்திரும்ப வருகின்றன. வகுப்பில் மூத்த மாணவிகள் மூவர் இச்சொற்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். கையேட்டின் படி நம்மிடமே இருப்பதால் அதன் பக்கத்திலேயே தமிழ்க் குறிப்பையும் வைக்க முடிகிறது. பிறர் தளத்தில் அவ்வாறு செய்ய இயலாது.

மின்சாரமே இல்லாத நாளுக்கு என்ன செய்வது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். தாளே விடை. பைத்தான் கையேட்டின் உள்ளமைந்த செயற்கூறுகள் பகுதியையும் பட்டியல், சரம் ஆகியவற்றுக்குரிய பகுதியையும் அச்சிட்டுத் தைத்து நூலகத்தில் வைக்கிறோம். முழுக் கையேட்டையும் அச்சிடுதல் வீண்செலவு. நூலகப் பகுதி ஒன்றே தலையணையைவிடப் பருத்துவிடும்.

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும், மீண்டும் அக்டோபர் இறுதியிலும், படிகளைச் சரிபார்க்கும் பொறுப்பை இரண்டாமாண்டு மாணவர் இருவர் ஏற்றிருக்கிறார்கள். ஒரு படி சங்கக் கணினியிலும் மற்றொன்று தனி வன்தட்டிலும் இருக்கும். வன்தட்டு வேறொருவர் வீட்டில் இருக்கும். எடுத்த படி உண்மையிலேயே இயங்குகிறதா என்பதை அறிய, வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தலே வழி. உலாவியில் சேமித்த பக்கங்கள் சில, படங்களுக்கும் எழுத்துருவுக்கும் இரகசியமாக இணையத்தையே நாடிக்கொண்டிருக்கும். அணைத்துப் பார்க்கும்போதுதான் அது வெளிப்படும்.

இக்கூட்டம் முடிந்தபின் மாடியறை திறந்திருக்கும். பென்டிரைவ் கொண்டுவந்தோர்க்குப் பைத்தான் 3.8 கையேடும், இன்றைய பதிப்பின் கையேடும், எம்.டி.என். விளக்கங்களும் படியெடுத்துத் தருவோம். இம்மூன்றிற்கும் 8 ஜி.பி. பென்டிரைவே மிகையாகும். வீட்டுக் கணினி விண்டோஸ் 7 எனில் அதனை முன்கூட்டியே சொல்லுங்கள். விக்கிப்பீடியாத் தொகுப்பும் வேண்டுவோர் 64 ஜி.பி. கொண்டுவருதல் நலம். ஃபேட் 32 முறையில் அமைந்த பென்டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது என்பதால், அதனை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றவேண்டியிருக்கும். மாற்றும்போது உள்ளே இருப்பவை அழிந்துவிடும். ஆகவே திருமணப் படங்கள் முதலியவற்றை முன்னதாக வேறிடத்தில் எடுத்துவைத்துவிட்டு வாருங்கள்.